கம்சட்காவில் காற்றுக்குக் காத்திருந்த மூன்று சனிக்கிழமை

அல்சூர்:

கம்ப்யூட்டரில், விமானம் ஓட்டும் சிமுலேட்டரில், சின்ன விமானம் ஓட்டி உலகத்தைச் சுற்றுகிறவர்கள் நம் பெங்களூரு கூட்டத்திலேயே ஐந்தாறு பேர் இருக்கிறோம். வழியில் மாட்டிக்கொண்ட கதை ஆளுக்கொன்று இருக்கும், எடுத்து விடுங்கள். முதல் போணி என்னுடையது.

என் வண்டி செஸ்னா 172. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் மூன்று. பெட்ரோல் தீராத மாதிரி வைக்கக் கூடாது, நேரத்தை வேகமாக ஓட்டக் கூடாது, வானிலை அந்த நிமிஷத்தில் நிஜமாக என்னவோ அதுதான். நம் ஊர் ஜக்கூர் விமானத்தளத்தில் கிளம்பி ஜப்பான் வரை பெரிய கஷ்டம் இல்லை. அங்கிருந்து சகலின், மகதான் என்று சுற்றி வளைத்து ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கம்சட்காவின் பெத்ரோபவ்லோவ்ஸ்க் வந்து சேர்ந்தேன். சிக்கல் அங்கேதான். அடுத்து இறங்கத் தோதான இடம் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் இருக்கும் ஷெம்யா. சுமார் 565 கடல் மைல், வழியெல்லாம் கடல்தான். (நிஜத்தில் அது அமெரிக்க விமானப்படையின் தளம், கேட்காமல் போய் இறங்க முடியாது. சிமுலேட்டரில் யாரும் கேட்பதில்லை.)

அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் ஈஸி சேரில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தவர், "எவ்ளோ பெட்ரோல் பிடிக்கும்டா இது?" என்றார். எடுத்துப் பயன்படுத்தக்கூடியது 53 கேலன், மணிக்கு ஒன்பது குடிக்கும் என்றேன். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிக் கழித்தார். காற்றே இல்லையென்றால் 115 நாட் (மணிக்கு 115 கடல் மைல்) வேகத்தில் ஐந்து மணி நேரம். எதிர்காற்று 20 நாட் அடித்தால் ஆறு மணி நேரத்தைத் தொட்டுவிடும், தொட்டியும் அதோடு காலி. "தண்ணியிலதான் நிக்கும்" என்று நோட்டை மூடிவிட்டார்.

முதல் சனிக்கிழமை எதிர்காற்று. இரண்டாவது சனிக்கிழமையும் அதே. கம்சட்காவில் காற்று திரும்ப வேண்டும் என்று ஒருவன் அல்சூரில் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதைப் பார்த்து என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்றாவது வாரம் மேற்கிலிருந்து காற்று. கிளம்பிவிட்டேன்.

நாலரை மணி நேரம் கடல், மேகம், மறுபடி கடல். ஷெம்யாவை நெருங்கும்போது மேகம் தாழ்வாக மூடியிருந்தது. உயரமானி ஆயிரம் அடி காட்டியது, நானும் நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்த அப்பா பின்னாலிருந்து, "டேய், ஆயிரம் அடியில இருந்து பார்த்தா நுரை இப்படித் தனித்தனியாவா தெரியும்?" என்றார்.

பார்த்தேன். மேகத்தின் கிழிசலில் அலையின் முதுகில் வெள்ளை நுரை, கையை நீட்டினால் தொடலாம் போல. மூக்கைத் தூக்கி முழு பவர் கொடுத்துவிட்டு, பிறகுதான் புத்தி வந்தது. உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைச் சொல்லும், அந்தந்த இடத்து அழுத்தத்தை அதில் நாம்தான் வைக்க வேண்டும். கிளம்பின இடத்தில் காற்றழுத்தம் 1012 ஹெக்டோபாஸ்கல். ஷெம்யாவில் 984. உயரமானியின் சின்ன ஜன்னலில் பழைய எண்ணை அப்படியே விட்டிருந்தேன். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி பிசகும், 28-க்கு எழுநூற்றைம்பது அடிக்கு மேல். முள் ஆயிரம் காட்டினபோது நான் இருநூற்றைம்பதில் இருந்திருக்கிறேன். கீபோர்டில் ஒரே ஒரு பட்டன் அழுத்தியிருந்தால் சரியாகியிருக்கும் விஷயம் இது. மறந்தேன், அவ்வளவுதான்.

எண்ணைத் திருத்தி, இரண்டாவது முயற்சியில் இறங்கினேன். மீதி 12 கேலன். வழியில் தேதிக்கோட்டைத் தாண்டியதால், சனிக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். "அப்ப நேத்து வாங்கின தக்காளி இன்னும் வாங்கலையா?" என்று கேட்டார் அப்பா.

இந்திராநகர்:

அப்பாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள் சார். நான் சுற்றுவது ஜெர்ரி மாக் போன வழியில். 1964-ல் செஸ்னா 180-இல் தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண். 29 நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. வழியில் கெய்ரோ என்று நினைத்துப் பக்கத்திலிருந்த இன்ஷாஸ் ராணுவத் தளத்தில் இறங்கிவிட்டார். இதைப் படித்தபோது, அதெப்படி ஒரு விமான நிலையத்தைப் போய் மாற்றி இறங்குவார்கள் என்று சிரித்தேன்.

அவர் பெங்களூரு பக்கம் வரவில்லை. ஆனால் சொந்த ஊரைத் தொடாமல் போக மனசு வரவில்லை, ஜக்கூரில் இறங்கலாம் என்று வழியைக் கொஞ்சம் வளைத்தேன். மாலை வெயில் கண்ணுக்கு நேராக. ரன்வே தெரிந்தது, அழகாக இறங்கினேன். ஓடுகிறது, ஓடுகிறது, முடியவே இல்லை. ஜக்கூரில் இவ்வளவு நீளம் ஏது? ஏரோ இந்தியா நடக்கும் எலகங்கா விமானப்படைத் தளத்தில் நடுநாயகமாக நிற்கிறேன்! ஜெர்ரி மாக்கைச் சுற்றிச் சிப்பாய்கள் வந்து நின்றார்களாம். என்னைச் சுற்றி யாரும் வரவில்லை, என் பையன் மட்டும் வந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனான். அதுதான் இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவின் படம்.

ஒயிட்ஃபீல்டு:

என்னுடையது சின்னக் கதை. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் நூக்கிலிருந்து கிழக்குக் கரையின் குலுசுக், பனிப்பாளத்தின் மேலே. கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை, அடிவானம் எது என்றே தெரியாது, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிறேன். கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கியது. அந்தப் பத்து நிமிஷமும் பனியில் இறங்க இடம் தேடினேன், எதற்கென்று கேட்காதீர்கள். கரண்ட் வந்ததும் நூக்கிலிருந்தே மறுபடி கிளம்பினேன்.

அல்சூர் சார், அட்லாண்டிக்கைத் தாண்ட கனடாவின் கூஸ் பேயிலிருந்து நேராக கிரீன்லாந்தின் நர்சர்சுவாக் போக நினைக்காதீர்கள். 675 கடல் மைல் வரும், உங்கள் தொட்டிக்கு ஆகாது. வடக்கே ஏறி கனடாவின் இகலுயிட், நூக், குலுசுக், ஐஸ்லாந்து என்று போங்கள். நம் மும்பை விமானி ஆரோஹி பண்டிட் 2019 மே மாதம் ஸ்காட்லாந்தின் விக்கில் கிளம்பி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாக இகலுயிட் வந்து இறங்கினாரே, ஏறக்குறைய அதே பாதைதான், எதிர்த் திசையில். அவர் போனது உங்கள் செஸ்னாவைவிட எடை குறைந்த விமானத்தில்.

அல்சூர்:

நன்றி சார். நேற்று ராத்திரிதான் இகலுயிட் வந்து சேர்ந்தேன். நூக் பக்கம் இப்போது கிழக்கிலிருந்து காற்று அடிக்கிறது. அப்பா பால் நோட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.