பின்னால் மிதித்தாலும் முன்னே போகும் சைக்கிள்: செயின் கழலாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் செயின்ட் எத்தியென் நகரில் ‘இரோந்தெல்’ என்ற பெயரில் விற்ற இரட்டை கியர் சைக்கிளின் அமைப்பை என் பழைய சைக்கிளில் செய்துவருகிறேன்.

பின்சக்கரத்தில் இரண்டு ஃப்ரீவீல்கள் (ஒரு பக்கம் சுற்றினால் மட்டும் சக்கரத்தை இழுத்து, மறுபக்கம் சும்மா சுழலும் பல்சக்கரங்கள்): 16 பல், 22 பல். முன்னால் 44 பல். ஒரே நீளச் செயின்தான். முன்பல்சக்கரத்தின் மேலிருந்து 16இன் மேலே ஏறிப் பின்னால் சுற்றி, கீழே ஒரு சிறு உருளைக்கு வந்து திரும்பி, 22இன் அடியில் நுழைந்து அதன் மேல்வழியாக முன்பல்சக்கரத்தின் அடிக்கு வருகிறது. முன்னே மிதித்தால் 16 இழுக்கும், ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் 2.75 சுற்று. மேடு வந்தால் பின்னே மிதிக்க வேண்டியதுதான், 22 பிடித்துக்கொள்ளும், சரியாக 2 சுற்று. அருமையான ஏற்பாடு! வண்டியைப் பின்னுக்கு உருட்ட மட்டும் முடியாது, இரண்டும் எதிரெதிராக இழுத்துப் பூட்டிக்கொள்ளும்.

சிக்கல் உருளையில். எந்தப் பக்கம் மிதித்தாலும் அங்கே செயின் தொய்வாகவே இருப்பதால், திசை மாற்றும்போது கழன்றுவிடுகிறது. உருளையை ஸ்பிரிங் வைத்து இழுக்கலாமா, நிலையாக வெல்டிங் செய்வதா? இரண்டு பல்சக்கரங்களும் ஒரே கோட்டில் இல்லையே, உருளையை எவ்வளவு சாய்க்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.