கிணற்றுக்குள் பெட்ரோல் இன்ஜினை இறக்கலாமா?

முருங்கைத்தோட்டம்:
திசையன்விளைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு 70 அடி ஆழம். தண்ணீர் இப்போது 48 அடியில் கிடக்கிறது. தூர் எடுக்க வேண்டும், ஆனால் அங்கே கரண்டு இணைப்பு இல்லை. மேட்டில் வைத்த 3 எச்.பி. பெட்ரோல் பம்பு இழுக்கவில்லை. 30 அடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. வடம் கட்டி இன்ஜினை அதில் இறக்கிவிடலாம் என்கிறார்கள் தூர் எடுக்க வருபவர்கள். என் மச்சான் கூடவே கூடாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நம்பியாற்றுக்கரை:
தாராளமாக இறக்கலாம் தம்பி. மேட்டில் இருந்து எந்தப் பம்பும் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. திட்டில் வைத்தால் 18 அடிதான், நன்றாக இழுக்கும். ராதாபுரம் வட்டாரத்தில் 12 வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன். மூடிய அறைக்குள் ஓட்டினால்தான் ஆபத்து. கிணறு மேலே திறந்து கிடக்கிறது. புகை சூடாக இருப்பதால் தானாக மேலே போய்விடும்.

களக்காட்டு வாழை:
அண்ணாச்சி, உறிஞ்சும் கணக்கு சரிதான். புகை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சைலன்சரை விட்டு வரும்போதுதான் அது சூடு. கிணற்றுச் சுவர் குளிர்ந்த பாறை. அதில் பட்டு ஆறியதும் உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து அங்கேயே நின்றுவிடும். மேட்டில் என்னதான் காற்று அடித்தாலும் வாயைத் தாண்டித்தான் போகும், 30 அடி இறங்கி வராது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும்.

என் அப்பா இப்படி ஒரு கிணற்றில் இறங்கியவர். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல். ஏறிவிடலாம் என்று நினைத்தபோது கால் எழும்பவில்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் தூக்கினோம். அந்தக் கயிறு இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க முடியவில்லை.

நம்பியாற்றுக்கரை:
அப்பா பிழைத்தது பெரிய விஷயம் தம்பி. ஆனால் நாங்கள் சும்மா இறங்குவதில்லை. அரிக்கேன் விளக்கை முதலில் இறக்கிப் பார்ப்போம். அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவார். எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம் அது. இன்ஜினையும் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம்.

களக்காட்டு வாழை:
தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்தார்கள், கிணற்றுக்குள் பெட்ரோல் புகை கிடையாது. ஆக்சிஜன் குறைந்த கிணற்றுக்கு விளக்குச் சோதனை ஓரளவு உதவும். காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 16, 17க்கு இறங்கினால் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு 0.1 சதவீதம் இருந்தாலே ஓரிரண்டு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். 1 சதவீதம் என்றால் சில நிமிடம் போதும். அப்போதும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டாலும் அந்தக் காற்று உடனே வெளியேறாது.

பம்பு மெக்கானிக்:
சிலர் சைலன்சரில் குழாய் மாட்டி மேட்டுக்கு விடலாம் என்பார்கள். அதையும் நம்பாதீர்கள். ரப்பர் குழாய் சூட்டில் உருகும், இரும்புக் குழாய் இணைப்புகளில் கசியும். 30 அடி நீளத்தில் புகை முட்டி இன்ஜினும் திணறும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் இன்ஜினிலும் இதே விஷப்புகைதான்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், கிணற்றில் நேராக அடிக்குப் போய்த் தங்கும். ஓடிச் சூடான இன்ஜினில் திட்டில் நின்றபடி எண்ணெய் ஊற்றுகிறார்கள். சைலன்சரில் நாலு சொட்டு சிந்தினால் தீ. ஏறி ஓடவும் வழி இல்லை. மேட்டிலேயே கூட நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

நம்பியாற்றுக்கரை:
ஊற்றும் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், நானும் அதில் கவனக்குறைவாகத்தான் இருந்திருக்கிறேன். விளக்கு விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் 30 அடி அகலக் கிணற்றையும் குறுகலான உறைக் கிணற்றையும் ஒன்றாகப் பேசக் கூடாது. கரண்டு இல்லாத சம்சாரி வேறு என்னதான் செய்வார்?

பம்பு மெக்கானிக்:
ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேட்டிலேயே வையுங்கள் அண்ணாச்சி. கிணற்று வாயில் இருந்து 20 அடியாவது தள்ளி, புகை கிணற்றுப் பக்கம் திரும்பாதபடி காற்றுத் திசை பார்த்து வைக்க வேண்டும். சேற்று நீர் இறைக்கும் மூழ்கு மோட்டாரை மட்டும் இறக்குங்கள். கரண்டு கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கட்டாயம். மோட்டார் ஓடும்போது தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஆள் இறங்கலாம்.

களக்காட்டு வாழை:
இறங்குபவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மேட்டில் இரண்டு பேர் பிடித்திருக்கட்டும். யாராவது மயங்கினால் கயிற்றால் தூக்குங்கள், பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது இப்படித்தான். 101க்கும் 108க்கும் உடனே அடியுங்கள். தீயணைப்புத் துறையிடம் மூச்சுக் கருவி உண்டு.

முருங்கைத்தோட்டம்:
மச்சானிடம் சொல்லிவிட்டேன், இன்ஜின் இறங்காது. வருகிற மூன்று பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நானே பேசுகிறேன். 1 எச்.பி. மூழ்கு மோட்டாருக்கு எந்த ஒயர் வாங்க வேண்டும்?

பம்பு மெக்கானிக்:
2.5 சதுர மி.மீ., மூன்று கோர். ஒரே நீளமாக வாங்குங்கள். தண்ணீருக்குள் எங்கேயும் ஒட்டு இருக்கக் கூடாது.