வலிப்புக்கு அப்புறம் பூனைக்கு மூத்திரத் தொல்லை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர்:
எங்கள் கடுவனுக்கு (ஆண் பூனை) பட்டப்பகலில் வளவில் வைத்து வலிப்பு வந்தது. ஆத்தங்குடிக் கல் தரையில் ஒருக்களித்துக் கிடந்து நாலு காலையும் உதைக்கிறது, வாயெல்லாம் நுரை. பக்கத்து வீட்டு ஆச்சி அவர்கள் வீட்டு முகப்புக் கதவுச் சாவியோடு ஓடி வந்தார்கள். சாண் நீள இரும்புச் சாவி. "கையில குடு ஆத்தா, அடங்கிரும்." பூனைக்கு எந்தக் கையில் கொடுப்பது! தலை தூணில் மோதாமல் பழைய சேலையை அண்டக் கொடுத்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, அதற்குள் அடங்கிவிட்டது.

எழுந்த இடத்தில் மூத்திரம் குட்டையாக நின்றது. வலிப்பில் அப்படிப் போவது சகஜம்தான். தெளிகிற வரைக்கும் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், மணல் தட்டு இருக்கும் இடம் மறந்து மூலையில் மூத்திரம் பெய்துவிடும். அதைப் போய்த் திட்டக்கூடாது.

ஆனால் வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆரம்பித்த பிறகு, தட்டு எந்நேரமும் சொதசொத என்று கிடக்கிறது. தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியாகிவிடுகிறது. இந்த மாத்திரையில் தாகமும் பசியும் கூடும், தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்றார் டாக்டர். வயசான பூனை என்பதால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டுக்கும் சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாகத் திரும்பும் என்பதையும் அழுத்திச் சொன்னார். வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

தேவகோட்டை:
அக்கா, நிறையப் போனால்கூடப் பரவாயில்லை. எங்களுடையது போகவே இல்லை. வலிப்பு வந்த மறுநாள் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது, இறங்கி நக்குகிறது, திரும்ப ஏறுகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் யோசனை சொல்ல வீட்டில் ஆளுக்கா பஞ்சம்! டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார். மூத்திரப்பை எலுமிச்சங்காய்போல் கல்லாக இருந்தது. கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகல். மணல்போன்ற உப்பும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள். அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உப்பும் கழிவும் ஏறியதாலேயே சில சமயம் வலிப்பு வருவதுண்டாம், அதனால் எது முதலில் வந்தது என்று குடைந்து குடைந்து கேட்டார். இன்னொன்று: வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். அடைப்பு இருந்தால் பை கிழிந்துவிடும்.

காரைக்குடி:
எங்கள் வீட்டுக் கிழவிப் பூனைக்கு வலிப்பைக் கிளப்புவதே சத்தம்தான். ரங்கூன் பீங்கானில் எவர்சில்வர் கரண்டி பட்டால் போதும், உடம்பு வெட்டி இழுத்து, நின்ற இடத்திலேயே நனைத்துவிடும். செல்போனில் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் டாக்டருக்கே பிடிபட்டது. வயசான பூனைகளுக்கு இப்படி வருவதுண்டாம். லெவட்டிராசிட்டம் என்ற வலிப்பு மருந்தை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம், கரண்டியெல்லாம் மரத்துக்கு மாறிவிட்டது.

பள்ளத்தூர் அக்கா, வலிப்புக்கு முன்னால் உண்ணி மருந்து எதுவும் தடவினீர்களா? நாய்க்குப் போடுவதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு அது விஷம், நடுக்கமும் வலிப்பும் வரும். டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.