புதுப்பிப்பு: ஐ.ஜி.டி.சி. போய் வந்தாச்சு

புதுச்சேரியில் இருந்துகொண்டு சின்னதாக கேம் செய்யும் நாங்கள் ஐ.ஜி.டி.சி. என்ற இந்திய கேம் டெவலப்பர் மாநாட்டுக்குப் போனால் செலவுக்குத் தகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. கட்டாயம் போகலாம், ஆனால் மேடைப் பேச்சுக்காக இல்லை, நம் கேமைப் பிறர் கையில் கொடுத்து ஆடவைக்கத்தான். சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் பெரிய கேம் மாநாடான ஜி.டி.சி.யின் உரைகளே யூடியூபில் இலவசமாக நிறையக் கிடைக்கின்றன.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை வைத்து நாங்கள் செய்த படகு கேமைக் கையில் வாங்கிய ஒரு பப்ளிஷர் (கேமை வெளியிட்டு விற்பவர்), விளக்கத்தைப் படிக்காமலே தள்ளிவிட்டு நேராக வலையை வீசினார், அது எங்கே விழுந்தது என்று தெரியாமல் கேமராவைச் சுற்றிச் சுற்றித் தேடினார், நாங்களே மாதக்கணக்கில் ஆடிப் பார்த்தபோது இது கண்ணில் படவே இல்லை. அப்புறம் அவர் கதையைக் கேட்கவில்லை, கேம் விற்கும் தளமான ஸ்டீமில் விஷ்லிஸ்ட் எத்தனை, அதாவது எத்தனை பேர் வாங்கக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்.

அதனால் ஸ்டீம் பக்கத்தை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். கட்டணம் 100 டாலர், வருமானம் 1,000 டாலரைத் தொட்டால் திரும்ப வந்துவிடும். ஸ்டீமின் டெமோ திருவிழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்பு, அதை அவசரப்பட்டு வீணாக்க வேண்டாம்.

கேமைக் காட்ட ஹெட்போன் வேண்டுமா என்று கடலூர்த் தம்பி கேட்டாரே, கட்டாயம் வேண்டும், அரங்கில் அவ்வளவு இரைச்சல். வலையைச் சரிசெய்த டெமோவை அடுத்த வாரம் இங்கேயே போடுகிறேன்.