உள்பக்கம் திறந்தால் அது ஜன்னல் கதவா, அலமாரிக் கதவா?

முற்றத்துமல்லி:
என் படுக்கையறை ஜன்னலின் படத்தை வீட்டு அலங்காரப் பகுதியில் சென்ற வாரம் போட்டிருந்தேன். சாய்வுப் பட்டிகள் கோத்த இரண்டு தேக்குக் கதவுகள், பச்சை வண்ணம் பூசியவை, உள்பக்கமாகத் திறப்பவை. புதுச்சேரியில் பாட்டி வீட்டு மாடியில் பார்த்து வளர்ந்த லூவர் ஜன்னலை என் அடுக்கக வீட்டுக்குக் கொண்டுவர மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தேன். அதற்குக் கீழே தச்சன்மகன் என்பவர், "வெளிப்பக்கம் திறக்காதது ஜன்னல் கதவே அல்ல, இது சுவரில் மாட்டிய அலமாரிக் கதவு" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்படி எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது என்று அவர் இங்கே வந்து சொல்லட்டும்.

தச்சன்மகன்:
சொல்கிறேன், அம்மா. சாத்திரம் வேண்டாம், ஒரு மழை போதும். வெளிப்பக்கம் திறக்கும் கதவை மூடும்போது அது நிலையில் எடுத்த காடியில், அதாவது விளிம்பில் செதுக்கிய பள்ளத்தில், வெளியிலிருந்து வந்து உட்காரும். ஆகவே கடற்காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக நிலையோடு ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் திறக்கும் கதவையோ அதே காற்று அறைக்குள் தள்ளும், அதைத் தடுத்து நிற்பது ஒரு விரல் நீளத் தாழ்ப்பாள் மட்டுமே. என் தகப்பனார் நாற்பது ஆண்டுகள் இந்த ஊரில் ஜன்னல் செய்தார். உள்பக்கம் திறக்கும்படி அவர் அலமாரி கூடச் செய்ததில்லை, ஏனென்றால் அலமாரியும் வெளிப்பக்கம்தான் திறக்கிறது. நான் உங்கள் ஜன்னலுக்குக் கொஞ்சம் மரியாதை கூடுதலாகவே கொடுத்துவிட்டேன்.

கடற்கரைவீடு:
தச்சன்மகன் சொல்வதே சரி. புதுச்சேரியில் வெள்ளையர் நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே, வெள்ளையர் நகரத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு முந்நூறு ஆண்டுப் பழமையானது. அதில் உள்ள பதினாறு ஜன்னல்களும் வெளிப்பக்கமே திறக்கின்றன. ஒரிஜினலைப் பார்த்தவர்களுக்குத்தான் நகலின் குறை கண்ணில் படும்.

அகராதிப்பிரியன்:
முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா? பிரெஞ்சு மொழியில் ஜன்னலை மூடும் பலகைக் கதவைப் பொதுவாக வொலே என்பார்கள், சாய்வுப் பட்டிகள் கோத்ததைப் பெர்சியென் என்பார்கள். பட்டிகள் அசையாதவையா, கோல் வைத்துத் திருப்பக்கூடியவையா என்பதும் வேறு கேள்வி. வெளிச் சுவரோடு இருப்பதற்கும் அறையின் உள் அலங்காரத்துக்கும் ஒரே விதி பொருந்துமா?

தச்சன்மகன்:
பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

கடற்கரைவீடு அவர்களே, என் பக்கம் நின்றதற்கு நன்றி. ஆனால் முந்நூறு ஆண்டு என்று எழுதும்போது கொஞ்சம் விரலை மடக்கி எண்ணியிருக்கலாம். 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து, கோட்டையோடு வெள்ளையர் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் ஊர் திரும்பி வந்தது 1765இல். அதற்கு முன்பே உங்கள் பதினாறு ஜன்னல்களும் இருந்தன என்றால், அவை வெளிப்பக்கம் திறந்ததை ஆங்கிலேயர் கவனிக்காமல் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

கடற்கரைவீடு:
எங்கள் குடும்பப் பத்திரங்களை நீங்கள் பார்த்தீர்களா? சென்ற ஆண்டு ஆத்தங்குடித் தரையைப் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஆதரித்தவர்கள் மேலேயே பாய்ந்தீர்கள். அதை யாரும் மறந்துவிடவில்லை.

முற்றத்துமல்லி:
ஐயா இருவரும் பரம்பரையை எண்ணி முடித்த பிறகு என் கேள்விக்கு வரலாம். என் ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கிறது, கம்பிக்கு உள்பக்கம் கொசுவலை இருக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறந்தால், மழை வரும்போது வலையைக் கழற்றி, கம்பிக்கு நடுவே தோள்வரை கையை நீட்டி, சுவரில் மாட்டிய கொக்கியைத் தடவி எடுத்து, நனைந்த கதவை இழுத்துச் சாத்த வேண்டும். பாட்டி வீட்டில் வலை இல்லை, ஆகவே கை போயிற்று. அங்கும் நள்ளிரவில் எழுந்து அதைச் செய்தவர் தாத்தா அல்ல, பாட்டியும் அத்தையும்தான். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மழையில் எழுந்து அதைச் சாத்தியிருக்கிறீர்கள்?

தச்சன்மகன்:
வலைக்குத் தனிச் சட்டம் போட்டுக் கீல் வைத்துக்கொள்ளலாம். வலை உள்பக்கம் திறக்கும், கதவு வெளிப்பக்கம் திறக்கும். இது இரண்டு மணி நேர வேலை. வலைக்காகக் கதவைத் திருப்பிப் போடுவது, செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டிக்கொள்வதற்குச் சமம். இன்னொன்றும் சொல்கிறேன். உள்பக்கம் திறக்கும் கதவு கட்டில் மேல் வந்து நிற்கும், திரைச்சீலையைத் தொங்கவிட முடியாது, ஜன்னல் திட்டின் மேல் ஒரு சொம்பு கூட வைக்க முடியாது. உங்கள் படத்திலேயே இடது கதவு பாதிதான் திறந்திருக்கிறது, அதற்குப் பின்னால் மேசை விளக்கு இடிக்கிறது. நான் அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பாரிசுப்புறநகர்:
பிரான்சில் முப்பது ஆண்டுகளாக வாழும் புதுச்சேரிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே பெரும்பாலும் கண்ணாடிக் கதவு உள்பக்கம் திறக்கும், மரக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். மாலையில் ஜன்னலைத் திறந்து, இடுப்புவரை வெளியே சாய்ந்து, இரண்டு மரக் கதவுகளையும் இழுத்துச் சாத்துகிறோம். கோடையில் பகலிலேயே சாத்திவைத்து வெயிலைத் தடுக்கிறோம். இங்கே என் ஜன்னலில் கம்பி இல்லை, அதனால் சாய முடிகிறது. கம்பி போட்ட ஊரில் அதே விதியைப் பிடிவாதமாகப் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

தச்சன்மகன்:
பிரான்சிலும் மரக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி, ஐயா.

பாரிசுப்புறநகர்:
நான் எழுதியதன் பின்பாதியையும் படித்திருக்கலாம்.

தச்சன்மகன்:
பின்பாதி கம்பியைப் பற்றியது. நாம் பேசுவது கதவைப் பற்றி.

வைசியாள்வீதி:
எல்லோரும் பிரான்சையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருப்பது வேடிக்கையாக இருக்கிறது. கால்வாய்க்கு மேற்கேயும் வீடுகள் இருக்கின்றன. கீழே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மேல்மாடியில் லூவர் ஜன்னல் என்று இரண்டையும் கலந்து கட்டியவர்கள் எங்கள் மக்கள். எங்கள் வீதியைப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அந்தக் கலப்பை யாரும் போலி என்று சொல்லவில்லை. அப்படியிருக்க, ஓர் அடுக்ககத்தில் ஒரு பெண் தனக்கு ஏற்றபடி கீலை மாற்றினால் மட்டும் அது அலமாரியாகிவிடுமா?

கடற்கரைவீடு:
மேற்கில் உள்ளவர்களுக்கு எதையும் விருதை வைத்துத்தான் பேச வரும்.

வைசியாள்வீதி:
கிழக்கில் உள்ளவர்களுக்கு 1761ஐக் கடந்து பேச வராது என்பதைச் சற்று முன்தான் பார்த்தோம்.

தச்சன்மகன்:
அந்த மாடி ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். நானே எழுதிவிடுகிறேன்: வெளிப்பக்கம். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை ஊரே பார்த்தது. மறுநாள் எனக்கு வந்த முதல் மூன்று அழைப்புகளும் உள்பக்கம் திறக்கும் கதவு வைத்தவர்களிடமிருந்து வந்தவை. ஒரு வீட்டில் மெத்தையை முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மரத்தையும் குறை சொல்ல முடியாது, நல்ல வைரமேறிய தேக்கு. வைரமேறாத வெள்ளை மரம் போட்டு வண்ணத்தால் மூடியிருந்தால் அது வேறு கதை.

முற்றத்துமல்லி:
என் கதவில் வெள்ளை மரம் இருக்கிறது என்று மறைமுகமாகச் சொல்கிறீர்களா? மரக்கடையில் நானே நின்று பார்த்து எடுத்தேன். அந்தப் புயலில் வெளிப்பக்கக் கதவு கொக்கி கழன்று இரவெல்லாம் சுவரில் மோதி, கீல் பிடுங்கி, தெருவில் விழுந்ததை என் பாட்டி வீட்டிலேயே பார்த்தோம். உள்பக்கக் கதவு விழுந்தால் என் கட்டிலில்தான் விழும், தெருவில் போகிறவர் தலையில் விழாது. மேலும், என் மகளுக்கு ஐந்து வயது. கதவைச் சாத்த அவள் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நாள் என் வீட்டில் வரவேண்டாம் என்பதற்காகவே இப்படிச் செய்யச் சொன்னேன்.

தச்சன்மகன்:
விழுந்தது கொக்கியின் குற்றம். உப்புக் காற்றில் இரும்புக் கொக்கி போட்டால் துருப்பிடித்துக் கழலத்தான் செய்யும், பித்தளை போட்டிருக்க வேண்டும். திறக்கும் பக்கத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அகராதிப்பிரியன்:
வெளிச்சுவர்க் கதவா, உள்ளலங்காரக் கதவா என்று நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

முற்றத்துமல்லி:
நேற்று இரவு இரண்டு மணி நேரம் நல்ல மழை. கதவைச் சாத்தித் தாழிட்டிருந்தேன். காலையில் ஜன்னல் திட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி நனையவில்லை. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். அலமாரிக்குள்ளும் மழை வரவில்லை, ஐயா.

தச்சன்மகன்:
படம் தெளிவாக இருக்கிறது, அம்மா. மழை எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதை மட்டும் எழுதவில்லையே. மேசை விளக்கும் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.