சைட்டேஷனுக்கு என்ன தமிழ்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செம்பூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். மும்பை பரேலில் இனப்பெருக்க உயிரியல் ஆய்வில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவரைப் பற்றிய கட்டுரையைச் சங்க மலருக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விந்தணு முதிர்ச்சி, கருமுட்டை எல்லாம் தாண்டியாயிற்று. சைட்டேஷன் (ஒருவர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரையில் சான்றாகக் காட்டுவது), அதை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர் மூன்றும் நிற்கின்றன. 'மேற்கோள், எச்-குறியீட்டெண், தாக்கக் காரணி' போதுமா? அப்புறம், செல் பயாலஜிக்கு 'உயிரணு உயிரியல்' என்று தலைப்பில் போடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மாட்டுங்காவிலிருந்து:
அம்மா, மேற்கோள் வேண்டாம். தருக்க நூலார் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அடுக்குவார்கள். அங்கே மேற்கோள் என்பது ஒருவர் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. நன்னூல் பாயிரத்தில் பழஞ்சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறோம் என்று சொல்லும் நூற்பாவிலேயே 'வேறுநூல் செய்தும் எனும் மேற்கோள் இல்' என வருகிறது. பிறர் வாக்கை எடுத்து வைக்கும் செயலைப் பேசும் இடத்திலும் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை, பாருங்கள். இன்றைய வழக்கை ஏற்றாலும் மேற்கோள் என்பது சொற்களை அப்படியே எடுப்பது. அறிவியலார் எடுப்பது முடிவை. எடுத்து, தம் வேலையில் ஆள்கிறார்கள். எனவே 'எடுத்தாள்கை'. தொல்காப்பியர் 'என்மனார் புலவர்' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் எடுத்தாள்கைதான். யார் அந்தப் புலவர் என்று தெரியாமல் போனது நமக்குப் பேரிழப்பு.

தாராவியிலிருந்து:
ஐயா, நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவன். 'எடுத்தாண்டார்' என்றால் அடுத்தவர் சரக்கை எடுத்துத் தன்னுடையது ஆக்கிக்கொண்டார் என்றுதான் அவர்களுக்குப் படும். மேற்கோள் ஒரு தடவை சொன்னால் புரியும். உயிரணு மட்டும் வேண்டவே வேண்டாம். ஊரில் பேருந்து நிலையச் சுவரொட்டி தொடங்கி டிவி மருத்துவர் வரை 'உயிரணுக் குறைபாடு' என்றால் விந்தணுக் குறைபாடுதான். இனப்பெருக்க ஆய்வுக் கட்டுரையில் அதைச் செல்லுக்குப் போட்டால் ஒவ்வொரு வரியும் தப்பாகப் படிக்கப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல் 'செல்' என்கிறது. இலங்கையில் 'கலம்', நல்ல சொல். இங்கே பாத்திரம் என்று நினைப்பார்கள். செல் உயிரியல் என்றே விடுங்கள்.

முலுண்டிலிருந்து:
'சுட்டுகை' எப்படி? சின்னச் சொல், அ இ உ எல்லாருக்கும் தெரியும்.

தாராவியிலிருந்து:
இண்டெக்ஸும் பல இடத்தில் 'சுட்டெண்'தானே? சுட்டுகைச் சுட்டெண் என்று எழுதிவிட்டு யாரிடம் விளக்குவது?

பரேலிலிருந்து:
நான் ஆய்வுக்கூட ஆள், இலக்கணம் பெரியவர்களுக்கு. எச் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு: தலைக்கு 20 முறையாவது சுட்டப்பட்ட 20 கட்டுரைகள் ஓர் ஆய்வாளருக்கு இருந்தால் அவருடைய எச் 20. 'எச்-எண்' போதும். ஆனால் இம்பாக்ட் ஃபேக்டரை அந்த அம்மாவின் பெயரோடு ஒட்டாதீர்கள், தயவுசெய்து. ஓர் இதழில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்படுகின்றன என்ற கணக்கு அது; இதழுக்கு உரியது, ஆளுக்கு உரியது இல்லை. 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், செல் உயிரியலாளர்களின் கூட்டத்தில்தான் இதற்கு எதிரான அறிக்கையே உருவானது. நம் துறைக்காரர்கள் எழுப்பிய குரல் அது.

சைட்டேஷன் வெறும் எண்ணிக்கை இல்லை என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 1986 ஆகஸ்ட் 6 அன்று கேஇஎம் மருத்துவமனையில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைதான் நாட்டில் முதல் என்று பதிவாயிற்று. கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் அதை 1978 அக்டோபர் 3-லேயே சாதித்திருந்தார். அரசுக் குழு நம்பவில்லை, 1981-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கேஇஎம் வெற்றியில் பங்கு கொண்ட ஆனந்த் குமார், அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் முதன்மை அவருக்கே என்று எழுதினார். தனக்கு வந்த பெருமையைத் தானே எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு சுட்டுதலை எந்த எச்-எண்ணில் வைப்பது?

மாட்டுங்காவிலிருந்து:
படித்து நெகிழ்ந்தேன். என் கட்சிக்கும் இதுவே வலு: அங்கே நடந்தது சொல்லை மேற்கோள் காட்டியதா, செயலை ஏற்றதா? இன்னொன்று. 'தாக்கம்' என்ற சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. 'தாக்கணங்கு' என்று 1082-ஆம் குறளில் வருவது வருத்தும் தெய்வம். ஒருவருடைய ஆய்வு பிறருக்கு உதவியதைச் சொல்ல அடிக்கும் சொல் எதற்கு? 'பயன்பேறு' எனலாம்.

முலுண்டிலிருந்து:
ஐயா, தாக்கம் நாளிதழ் வரைக்கும் வந்துவிட்டது. இனி யாரும் அதில் அடியை நினைப்பதில்லை. நானும் சுட்டுகையை விட்டு மேற்கோளுக்கே வருகிறேன், நேரம் இல்லை.

செம்பூரிலிருந்து:
எல்லாருக்கும் நன்றி. மேற்கோள், எச்-எண், செல் உயிரியல் என்று போடுகிறேன். முதல் முறை வரும்போது 'பிற ஆய்வாளர்கள் இவர் கட்டுரையை அடிப்படையாகக் காட்டிய தடவைகள்' என்று விளக்கிவிடுகிறேன். தாக்கக் காரணி இருந்த வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் கண்டறிந்ததை எழுதுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து:
மலர் உங்கள் பொறுப்பு அம்மா, தடுக்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் மட்டும் மேற்கோளுக்குப் பக்கத்தில் 'எடுத்தாள்கை'யையும் எழுதுங்கள். காப்பியடித்தலுக்கு நமக்குத் 'திருட்டு' என்ற சொல் இருக்கிறது. நல்ல சொல்லை அதற்கு விட்டுக்கொடுக்க நான் இசையமாட்டேன்.