புதுப்பிப்பு: பெரியப்பா கம்ப்யூட்டருக்கு பேக்கப் முடிவாகிவிட்டது

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு, கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவரும் சமாளிக்கிற மாதிரி ஒரு பேக்கப் வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி, கூடவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். டிஸ்க் செருகியிருந்தால், மாறிய ஃபைல்களை மணிக்கொரு தடவை தானே நகலெடுத்துவிடும். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் போன்றவற்றைத்தான் எடுக்கும்; அதனால் டி டிரைவில் கிடந்த கணக்கு ஃபோல்டரை டாக்குமெண்ட்ஸுக்கு மாற்றினேன்.

மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தால் கம்ப்யூட்டர், டிஸ்க் இரண்டுமே போய்விடுமே! அதனால் கணக்கு மட்டும் கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியிலும் ஏறுகிறது.

அப்புறம் முக்கியமான சோதனை: ஒரு பில்லை அழித்துவிட்டு, பெரியப்பாவையே மீட்கச் சொன்னேன். ஃபோல்டரில் ரைட் கிளிக், முந்தைய பதிப்புகள், பில் வந்துவிட்டது. "இவ்வளவுதானாப்பா?" என்றார்.